ஜன்னலில் நின்ற பையனும் ஹாரன் அடித்த மனிதரும்

போன பதிவில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதால், "சார், இனிமே மருத்துவக் குறிப்புதானா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லையப்பா. இன்று சினிமா. கொஞ்சம் நீளும். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு மாணவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். 1996-இல் பிளஸ் டூ முடித்தவன். பள்ளியில் முதல் மதிப்பெண். இப்போது புனேயில் நல்ல வேலை. பெயர் சொல்லவில்லை, அவன் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தாலும் கமெண்டில் போடாதீர்கள். ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்து, "சார், பழைய இத்தாலியப் படம். கீழே இங்கிலீஷ் ஓடும். பாத்துட்டு எனக்கு ஒரு பதில் சொல்லணும்" என்றான். "என்னடா பதில்?" என்றேன். "இதுல வர்ற பையன் நான்தான் சார். அவன் அந்த ஆளோட போனது தப்பா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

படத்தின் பெயர் 'இல் சொர்பாஸ்ஸோ'. 1962-இல் வந்தது. 'ஓவர்டேக் செய்வது' என்று அர்த்தமாம். ஆங்கிலத்தில் 'தி ஈஸி லைஃப்' என்று பெயர் வைத்தார்கள். எடுத்தவர் தீனோ ரிஸி. மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். அல் பசினோ நடித்த 'சென்ட் ஆஃப் எ வுமன்' உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலமான இத்தாலியப் படத்தை 1974-இல் எடுத்தவரும் இவர்தான். இரண்டிலும் கதாநாயகன் வித்தோரியோ காஸ்மன். முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். படத்தைத் தனியாகப் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை ஆகஸ்ட் 15 காலையில் தொடங்குகிறது. நமக்குக் கொடியேற்றமும் மிட்டாயும். அவர்களுக்கு அது பெர்ராகோஸ்தோ; அகஸ்டஸ் பேரரசன் காலத்து விடுமுறையிலிருந்து வந்த பெயர். அன்றைக்கு ரோம் நகரமே கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடும். ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்திருக்காது. அந்த வெறிச்சோடிய தெருக்களில் ஒரு திறந்த கார் சீறிக்கொண்டு வருகிறது. ஓட்டுபவர் புரூனோ, நாற்பதை ஒட்டிய வயது. ஒரு போன் பண்ண வேண்டும், ஒரு சிகரெட் பாக்கெட் வேண்டும், இரண்டும் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு ஜன்னலில் ஒரு பையன் நிற்கிறான். ராபர்த்தோ, சட்டக் கல்லூரி மாணவன், பரீட்சைக்குப் படிக்கிறான். ஊரே காலி, இவன் மட்டும் புத்தகத்தோடு. எனக்கு மூலம் அதில் ஒரு சின்னத் திருப்தி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாத்தியார் புத்தி.

ஒரு போன் பண்ண மேலே வந்த மனிதர் கைகால் கழுவி, பேசி, சிரித்து, "வா, ஏதாவது குடித்துவிட்டு வரலாம்" என்று பையனைக் கிளப்பிவிடுகிறார். சும்மா பக்கத்துத் தெருவரைக்கும் என்று கிளம்பியவர்கள் இரண்டு நாள் சுற்றுகிறார்கள். ரோமிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் சாலை, விய ஆரேலியா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் போட்டது. புரூனோவின் காரின் பெயரும் லான்சியா அவுரேலியா. அந்தக் கம்பெனி தன் கார்களுக்குப் பழைய ரோமானியச் சாலைகளின் பெயரை வைத்தது. இரண்டாயிரம் வருடத்துச் சாலையில் அதே பெயருள்ள கார் ஓடுகிறது. சரித்திர வாத்தியாரிடம் இதைச் சொல்லாமல் கடக்கச் சொன்னால் எப்படி?

புரூனோ எப்படிப்பட்ட ஆள் என்றால், முன்னால் போகும் எந்த வண்டியையும் முந்தாமல் அவரால் இருக்க முடியாது. காரில் ஒரு ஹாரன், பல குரலில் அலறும். தூங்குகிறவனையும் தூக்கிப் போடும். சைக்கிளில் போகிறவரைக் கிண்டல் பண்ணுவார். பெண்களைக் கண்டால் வண்டியைத் திருப்புவார். கையில் காசு தங்காது, என்ன தொழில் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. அந்தக் காலத்தில் அறிவாளிகள் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தோனியோனியின் படத்தைப் பற்றி, "நல்லாத் தூங்கினேன்" என்கிறார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எது நல்ல வயது என்ற பேச்சு வரும்போது, அன்றன்றைக்கு என்ன வயதோ அதுதான் நல்ல வயது, சாகிறவரைக்கும் அப்படித்தான் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறார். எழுபது வயதில் அதைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பக்கத்து சீட்டில் ராபர்த்தோ. அவன் மனசுக்குள் பேசிக்கொள்வது நமக்குக் கேட்கும். இப்போது இறங்கிவிடலாம், இந்தச் சாக்கைச் சொல்லிவிடலாம், இந்தப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வருவான். வாய் மட்டும் திறக்காது. எதிர்வீட்டுப் பெண் மேல் ஆசை. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ழான் லூயி திரந்தின்யான் என்ற பிரெஞ்சு நடிகர் நடித்திருக்கிறார். தப்பாக எதுவும் செய்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்தே எதையும் செய்யாமல் போன பிள்ளையின் முகம். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

வழியில் ராபர்த்தோவின் பெரியம்மா வகை சொந்தங்கள் இருக்கும் கிராமத்து வீட்டுக்குப் போகிறார்கள். சின்ன வயதில் அவன் விடுமுறைக்குப் போன வீடு, அவன் மனசில் கோயில் மாதிரி வைத்திருக்கும் வீடு. புரூனோ உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வக்கீலாகி மிடுக்காக உட்கார்ந்திருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் ஏன் பண்ணைக் காரியஸ்தரை அச்சாக உரித்து வைத்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார். ராபர்த்தோ பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள், அவனுக்குத் தெரியவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தபோது, நம் குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு இப்படி ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். சொந்தங்களே, பயப்படாதீர்கள், எழுதமாட்டேன்.

இவ்வளவு தூரம் நானும் புரூனோ பக்கம்தான் இருந்தேன். பிறகு அவருடைய மனைவி வீடு வருகிறது.

கடற்கரையில் ஒரு வீடு. பல வருடம் முன்னால் பிரிந்த மனைவி. இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970-இல்தான் வந்தது, அதனால் சட்டப்படி இன்னும் மனைவி. ஒரு மகள், பதின்வயது. இரவு நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்கிறார். அந்த அம்மா கத்தவில்லை, அழவில்லை. அவர் எப்போது என்ன பொய் சொல்வார் என்பது அத்துப்படியானவரின் அமைதி. மகள் தன்னைவிட மிகவும் மூத்த, வசதியான, ஒழுங்கான ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் புரூனோவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மனிதரை ஓவர்டேக் செய்ய முடியவில்லை. மறுநாள் டேபிள் டென்னிஸில் மல்லுக்கட்டுகிறார்!

இந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். காரணத்தை நம் சொந்தக்காரர்களில் வயதானவர்கள் ஊகித்திருப்பார்கள். நம் சித்தப்பா. என் தங்கச்சியிடம், அதாவது சித்தப்பா மகளிடம், கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

1976 ஜூலை. எனக்கு இருபத்தொரு வயது. பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ராஜ்தூத் சத்தமும் விடாத ஹாரனும். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, "டேய், குற்றாலத்துல தண்ணி கொட்டுதுடா. ஏறு" என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சித்தப்பா, படிக்கணும்" என்றேன். அப்பா உள்ளேயிருந்து இருமினார். அந்த இருமலுக்கு ஒரு பக்கம் அர்த்தம் எழுதலாம். சித்தப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து ஒரு பை நிறைய மங்குஸ்தானோடு வந்து தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். அதே வாரம்தான் சித்தி கம்மலை அடகு வைத்து அரிசி வாங்கினாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பிறகு தையல் மிஷின் வந்தது. அந்த மிஷின்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது.

(நான் அந்த பேங்க் பரீட்சையில் தேறவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.)

படத்தின் கதையைத் தங்கச்சிக்கு போனில் சொன்னேன். புரூனோவின் மகள் ஏன் அவ்வளவு வயதானவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை என்றேன். அவள் யோசிக்கவேயில்லை. "அது எனக்குத் தெரியும்ணே. அவரு சாயங்காலமானா வீட்டுக்கு வந்துருவாருல்ல" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே, "ஆனா இன்னைக்கும் தெருவுல ஹாரன் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடணும்னுதான்ணே இருக்கு" என்றாள்.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் புரூனோவை அந்தக் காலத்து இத்தாலியின் உருவம் என்பார்கள். 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் அந்த நாட்டுக்குத் திடீர்ப் பணம் வந்தது. நேற்றுவரை வயலில் நின்றவன் வீட்டில் பிரிட்ஜ், டிவி, வாசலில் சின்ன பியட் கார். எல்லாம் தவணையில். அந்த வேகம்தான் புரூனோ என்பது சரியான பேச்சு, வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு நாட்டின் உருவம் என்று சொல்லிவிட்டால், அரிசி வாங்கப் போன அம்மா கணக்கில் வராமல் போய்விடுகிறாள். ரிஸி அவளைக் கணக்கில் வைத்திருக்கிறார். அதற்காகவே இந்தப் படத்தை மதிக்கிறேன்.

இப்போது முடிவு. இரண்டாம் நாள். வெயில், கடல், பாறை ஓரமாக வளைந்து போகும் சாலை. ராபர்த்தோ மாறிவிட்டான். சிரிக்கிறான், கத்துகிறான். என் வாழ்க்கையில் இதுதான் மிக நல்ல இரண்டு நாள் என்று புரூனோவிடம் சொல்கிறான். முன்னால் ஒரு கார் போகிறது. முந்து, முந்து என்று தூண்டுவது இப்போது ராபர்த்தோ! வளைவில் எதிரே லாரி. புரூனோ எகிறி விழுந்து தப்பித்துவிடுகிறார். கார் பையனோடு பாறையில் உருண்டு கீழே போகிறது. போலீஸ்காரர் இறந்தவனைப் பற்றிக் கேட்கிறார். பெயர் ராபர்த்தோ, குடும்பப் பெயர் தெரியாது, நேற்றுக் காலையில்தான் பழக்கம் என்கிறார் புரூனோ. அவ்வளவுதான் படம். தயாரிப்பாளருக்கு இந்த முடிவில் இஷ்டமே இல்லையாம். எந்தத் தயாரிப்பாளருக்குத்தான் இருக்கும்? இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு இப்படி அனுப்பினால்?

இதைப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா, ஊதாரியோடு சேர்ந்தால் இதுதான் கதி" என்று சொல்வது எளிது. நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருந்தால் நானே பிரேயரில் சொல்லியிருப்பேன். அது தப்பான படிப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஊதாரிக்கு ஒன்றும் ஆகவில்லையே. அவர் இருபது வருடமாக அந்தச் சாலையில்தான் ஓட்டுகிறார். எங்கே பிரேக் போட வேண்டும், எப்போது குதிக்க வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். சந்தோஷத்தில் பழக்கப்பட்டவர் அவர். பையனுக்குத்தான் பழக்கமில்லை. இருபது சொச்சம் வயதுவரை ஒரு நாள்கூட அவனாக எதையும் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. முதல் தடவையாக மனசில் இருந்து ஒரு ஆசை வாய்க்கு வருகிறது. அதைச் சொல்ல அவனுக்கென்று ஒரு பாஷை இல்லை, பக்கத்தில் இருப்பவரின் பாஷைதான் தெரியும். அந்த பாஷையில் இருப்பது ஒரே சொல்: வேகம்.

நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றுப் பக்கமே விடாமல் வளர்த்தவர்கள், அவன் முழுகியதற்குக் கிணற்றைத் திட்டுகிறோம். புரூனோவை நான் மன்னிக்கவில்லை. சித்தி கம்மல் கதை தெரிந்தவன் மன்னிக்க முடியாது. ஒரு உயிர் போனபிறகும் அவரால் கொடுக்க முடிந்த விவரம் முதல் பெயர் ஒன்றுதான். ஆனால் ராபர்த்தோவின் கணக்கில் அந்த ஜன்னலுக்கும் பங்கு உண்டு. ஜன்னலில் அவனை நிறுத்தியவர்கள் படத்தில் வருவதில்லை. என்னைப் போன்றவர்கள்தான்.

சரி, அந்த மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். படம் பார்த்த மறுநாள் அவனை போனில் கூப்பிட்டேன். "எப்படிடா அந்தப் பையன் நீ?" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். 1995 டிசம்பரில் வகுப்பு முழுக்க கொடைக்கானல் டூர் போனது. 250 ரூபாய். அவனுடைய அப்பா கடன் வாங்கிக் கட்டியிருந்தார். நான் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவன் மாநில அளவுல வரவேண்டிய பையன், மூணு நாள் வீணாப் போகும்" என்று சொல்லி, ஆபீஸில் இருந்து பணத்தைத் திருப்பி வாங்கிக் கையில் கொடுத்தேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவனுக்கு நோட்டு உள்பட நினைவிருக்கிறது. இரண்டு நூறு, ஒரு ஐம்பது. "உங்க மேல கோபம் இல்ல சார். நீங்க சொன்னதாலதான் மார்க் வந்துச்சு. ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் கொடைக்கானல் போகல" என்றான். புனேயிலிருந்து அமெரிக்கா எத்தனை தடவை போய்வந்தவன்.

மாநில அளவிலும் அவன் வரவில்லை. அது வேறு.

பிறகுதான் உண்மையான கேள்வி வெளியே வந்தது. அவன் மகன் கல்லூரியில் முதல் வருடம். நண்பர்கள் நான்கு பேர் புனேயிலிருந்து கோவாவுக்கு பைக்கில் போகிறார்கள். இவன் விடவில்லை. பையன் இரண்டு வாரமாகப் பேசவில்லை. "என் முகத்துல உங்க முகம் தெரிஞ்சுது சார்" என்றான். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்து, ஊரறிய இங்கே சொல்கிறேன். என்னிடம் படித்த பலரும் இப்போது பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் அப்பா, அம்மா. உங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும்.

தம்பி, அனுப்பு. அவன் போகிற முதல் பயணத்துக்கு உன் சம்மதம் இருக்கட்டும். இல்லையென்றால் இருபத்தைந்து வயதில் யாரோ ஒருவர் வாசலில் ஹாரன் அடிப்பார், அப்போது அவன் உன்னைக் கேட்கமாட்டான். நானூறு கிலோமீட்டருக்கு மேல் பைக் ஓட்டிக் கொண்டு போவது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போகும்போது ரயிலில் போகச் சொல்லிப் பார், அங்கே வாடகைக்கு ஸ்கூட்டர் கிடைக்கும். கேட்கமாட்டான் என்றால் ஹெல்மெட் நல்லதாக வாங்கிக் கொடு, இருட்டியபிறகு ஓட்டக் கூடாது என்ற ஒன்றை மட்டும் வாக்குறுதியாக வாங்கு. பத்து நிபந்தனை போடாதே, பத்தும் போய்விடும். கூட வருகிற நான்கு பிள்ளைகளையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு. அவர்களின் முழுப் பெயர், வீட்டு விலாசம், அப்பா அம்மா போன் நம்பர் எல்லாம் உன் மகனுக்கும் தெரிந்திருக்கட்டும், அவனுடையது அவர்களுக்கும்.

ராபர்த்தோ அந்தக் காரில் ஏறியது தப்பா என்று கேட்டாய் அல்லவா? தப்பில்லை. 1976-இல் நான் அந்த ராஜ்தூத்தில் ஏறியிருந்தாலும் தப்பில்லை. மூன்று நாள் அருவியில் நின்றுவிட்டு வந்து, நாலாவது நாள் சித்தியைப் பார்க்கப் போயிருப்பேன்.

உன் மகன் கோவாவிலிருந்து திரும்பியதும், நீ லீவு போட்டுவிட்டு இங்கே வா. கொடைக்கானல் போகலாம். முழங்கால் ஒத்துழைத்தால் ஏரியைச் சுற்றி நடப்பேன், இல்லையென்றால் பெஞ்சில் உட்கார்ந்து மக்காச்சோளம் சாப்பிடுவேன். அந்த 250 ரூபாயை நான் கட்டிவிடுகிறேன். வட்டியெல்லாம் கேட்கக் கூடாது.